அம்மாவின் பேரை அப்பா முன்னால் எடுக்காமலேயே இருக்கலாமா?

கேள்வி கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: அம்மா தவறி ஏழு மாதம் ஆகிறது, அப்பா உடைந்துபோய்விடுவார் என்று வீட்டில் யாரும் அம்மா பேச்சையே எடுப்பதில்லை, இப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். என் பதில் இவ்வளவுதான், அவசரக்காரர்கள் இதோடு கிளம்பலாம்.

உங்கள் வீட்டை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அம்மாவின் படம் கூடத்துச் சுவருக்கு வராமல் இன்னும் அலமாரிக்குள்தான் இருக்கும். யாராவது வாய் தவறி "அம்மா இருந்திருந்தா" என்று தொடங்கினால் இன்னொருவர் கண்ணாலேயே அதட்டுவார். அப்பா டிவி சத்தத்தைக் கூட்டுவார். சரிதானே? எங்கள் வீட்டில் பத்தொன்பது மாதம் இப்படித்தான் ஓடியது.

எங்களுக்குப் போனது அத்தை, அப்பாவின் அக்கா. "அத்தைதானே" என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பிறை என்ற ஊரில் தொழிற்சாலை ஷிப்ட் வேலை. நாங்கள் மலேசியாவில் பட்டர்வொர்த்தில் இருந்தோம், அத்தை கடலுக்கு அந்தப் பக்கம் பினாங்குத் தீவில். பள்ளி விடுமுறை என்றால் என்னைப் பெர்ரியில் ஏற்றி அத்தையிடம் விட்டுவிடுவார்கள். எனக்கு ஜூரம் வந்த இரவுகளில் பாதி அத்தை மடியில்தான் கழிந்தது. அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று பின்னூட்டத்தில் கேட்க வேண்டாம், பதில் கிடைக்காது.

பினாங்குப் பாலம் 1985-இல் திறந்தது. அதன் பிறகும் அத்தை எங்கள் வீட்டுக்குப் பெர்ரியில்தான் வருவார். அப்போதெல்லாம் அந்தப் பெர்ரியில் பட்டர்வொர்த்திலிருந்து தீவுக்குப் போகத்தான் காசு வாங்கினார்கள், தீவிலிருந்து வருவதற்கு ஒன்றும் வாங்கவில்லை. "ஒங்க வீட்டுக்கு வர ஓசி. திரும்பிப் போறதுக்குத்தான் காசு கேக்கறான். இதுலேர்ந்து என்ன தெரியுது? நான் இங்கேயே இருந்துடணும்னு" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். ஒவ்வொரு முறையும் அப்பா புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார்.

2020 ஏப்ரலில் அத்தை போனார். மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. கோவிட் இல்லை, மாரடைப்பு. நான் கோலாலம்பூரில் இருந்தேன். மாநிலம் தாண்ட போலீஸ் அனுமதி வேண்டும், போனேன். முகப்பில் இருந்தவர் "எமாக் கண்டோங்?" என்று மலாயில் கேட்டார், பெற்ற அம்மாவா என்று. இல்லை, "மாக் சிக்" என்றேன். சொன்ன மறு நொடியே தெரிந்துவிட்டது, என் மனுவை நானே கிழித்துவிட்டேன் என்று. மாக் சிக் என்றால் அத்தையும்தான், சித்தியும்தான், தெருமுனையில் நாசி லெமாக் விற்கிறவரும்தான். அவர் மரியாதையாகத்தான் தலையை ஆட்டினார். அவரைக் குறை சொல்லவில்லை. தினம் நூறு பேர் நூறு காரணத்தோடு வந்து நின்ற காலம் அது. ஆனால் அத்தை என்ற ஒரு சொல்லை மட்டும் அன்றைக்கு என்னால் மொழிபெயர்க்க முடியவில்லை.

பத்து லஞ்சாங் மயானத்தில் எரித்ததை போனில் பார்த்தேன். தம்பி கை நடுங்கியதால் பாதி நேரம் தரைதான் தெரிந்தது. பதினாறாம் நாள் கருமக்கிரியை நாலு பேரோடு முடிந்தது. முதல் தீபாவளி எப்படியும் கிடையாது. வருஷத் திதி வந்தபோது மறுபடியும் எல்லை தாண்டத் தடை. ஆக, ஒரே கூடத்தில் உட்கார்ந்து நாங்கள் ஒருமுறைகூட அழவில்லை. இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அத்தை இருந்தது குயின் ஸ்திரீட் பக்கம் ஒரு கடைவீட்டின் மாடியில். ரவிக்கை தைத்துப் பிழைத்தார். மாரியம்மன் கோயில் மணி சத்தம் ஜன்னல் வழியாக வரும். வாடகைக் கட்டுப்பாடு இருந்தவரை மாதம் தொண்ணூறு வெள்ளி. 2000 ஜனவரியில் அந்தச் சட்டம் முடிந்தது, வீட்டுக்காரர் எண்ணூறு கேட்டார். இருபத்தாறு வருஷம் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக்குப் போனார். தையல் மிஷினை எங்கே வைப்பது என்பதற்கே ஒரு வாரம் ஆனது. 2008-இல் அந்தத் தெரு இருக்கும் ஜார்ஜ் டவுனுக்கு யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டம் கிடைத்தது. இன்று அந்த மாடி ஒரு ஹோட்டல் அறை. ஒரு இரவு வாடகையில் அத்தை மூன்று நாலு மாதம் இருந்திருப்பார். வீட்டுக்காரருக்கும் அவர் நியாயம் இருக்கும், எனக்குத் தெரியும். பாரம்பரியம் என்று சுவரைக் காப்பாற்றினார்கள், சரி, அதற்குள் இருந்தவர்கள்?

போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

2021 அக்டோபரில் மாநில எல்லையைத் திறந்தார்கள். நவம்பர் 4 தீபாவளி. எங்கள் பக்கம் முதல் நாள் இரவு போனவர்களுக்குப் படையல். கோழிக்கறி, இறால் சம்பல், கருவாடு, முறுக்கு, வெற்றிலை பாக்கு, தாத்தாவுக்கு ஒரு டின் ஸ்டவுட். படையலில் கறியா, சாராயமா என்று யாராவது பாடம் எடுக்க வருவீர்கள். வாருங்கள். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிப் பிழைத்த மனுஷருக்கு அவர் விரும்பியதை வைக்கிறோம், அவ்வளவுதான்.

அத்தைக்கு என்ன வைப்பது என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. சித்திதான் டின் பால் ஊற்றி ஒரு கிளாஸ் காப்பி கலந்து இலை ஓரத்தில் வைத்தார். அப்பா குனிந்து பார்த்தார்.

"இது யாருக்கு?"

"அண்ணிக்குத்தாங்க."

"அக்கா எப்போ பால் ஊத்திக் குடிச்சா? கோப்பி ஓ. அதுவும் கோசோங்."

பாலும் சீனியும் இல்லாத கடுங்காப்பி என்று அர்த்தம். பத்தொன்பது மாதத்தில் அப்பா வாயிலிருந்து அக்கா என்ற சொல் வந்தது அதுதான் முதல் தடவை. நாங்கள் அனைவரும் அப்படியே நின்றோம். சித்தப்பாவுக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை.

"கோசோங்கா? எங்கிட்ட ரெண்டு கரண்டி சீனி போடச் சொல்லிக் குடிக்கும்ண்ணே."

அத்தைக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. கால் புண் ஆறாமல் டாக்டரிடம் போனபோது தெரிந்தது. அன்றிலிருந்து அப்பா போலீஸ்காரர் மாதிரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பெர்ரி ஏறிப் போய் மாத்திரை டப்பாவை எண்ணுவார், சீனி டப்பாவைத் திறந்து பார்ப்பார். அது எப்போதும் காலியாக இருக்கும். அப்பாவுக்கு அதில் பெருமை.

சித்தப்பா சொன்னதும் தம்பி மெதுவாக, பினாங்கு ரோட்டுக்குக் கூட்டிப்போய் மாதம் ஒருமுறை செண்டோல் என்ற குளிர்ந்த இனிப்பை வாங்கிக் கொடுத்ததைச் சொன்னான். எனக்குக் காது சூடானது. நான் ஊருக்கு வரும்போதெல்லாம் சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் வரும் இடியப்பக்காரரின் ஹாரன் கேட்டதும் அத்தை என்னைப் பார்ப்பார். நான் கீழே ஓடுவேன். தேங்காய்ப்பூ கொஞ்சம், பழுப்புச் சீனி நிறைய. விரலில் ஒட்டிய சீனியைச் சப்பிவிட்டு, "ஒங்கப்பன்கிட்ட மூச்சு விடாதே. எனக்குன்னு நீ ஒருத்தன்தான்" என்பார்.

அதே வாக்கியத்தைத்தான் மற்ற இரண்டு பேரிடமும் சொல்லியிருக்கிறார், எழுத்து மாறாமல். கொஞ்சம் வலித்தது, பொய் சொல்வானேன்.

அப்போதுதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. அப்பா தாங்கமாட்டார் என்றுதான் பேசவில்லை என்று எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டிருந்தோம். இல்லை. நான் வாங்கிக் கொடுத்த இடியப்பம்தான் அத்தையைக் கொண்டுபோனதோ என்று நான் கணக்குப் போடாத இரவு கிடையாது. சித்தப்பாவுக்கு அவர் சீனிக் கரண்டி, தம்பிக்கு அவன் செண்டோல். பேச்சை எடுத்தால் இது வெளியே வந்துவிடும். இனிப்பு நீர்க்காரருக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்ததைப் பெருமையடிக்கிறான் என்று எழுதாதீர்கள், பெருமை எங்கே இருக்கிறது இதில். உங்கள் வீட்டில் விஷயம் வேறாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அப்பாவைக் காப்பாற்றுவதாகச் சொல்லும் ஒவ்வொருவரும் எதைப் பொத்தி வைத்திருக்கிறார்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

அப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "அப்போ நான் ஒருத்தன்தான் ஏமாளியா?" என்றார். அப்புறம் பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் நின்றார். திரும்பி வந்தவர் இரவு இரண்டு மணி வரை பேசினார். கெடா மாநிலத்து ரப்பர் தோட்டத்தில் விடியற்காலையில் அத்தை அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பால் வடியும் மங்கு துடைக்கப் போனது, லயத்து வாசலில் தோட்டக் கணக்கரான கிராணியிடம் பொய் சொல்லித் தம்பிகளைக் காப்பாற்றியது. "சின்ன வயசிலேயே அவளுக்குப் பொய் சரளம்" என்று சொல்லிக்கொண்டே.

இப்போதெல்லாம் படையலில் அத்தைக்கு இரண்டு கிளாஸ் வைக்கிறோம், ஒன்று கோசோங், ஒன்று சீனி போட்டது. போன தீபாவளிக்கு இலையை எடுக்கும்போது சீனி போட்ட கிளாஸ் காலியாக இருந்தது. அப்பாவுக்கும் இனிப்பு நீர் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. யார் குடித்தது என்று அம்மா அதட்டினார்.

"அக்காதான்" என்றார் அப்பா.