உயரமான ஸ்டிரைக்கர் இருந்தும் ஹெடர் ஏன் விழவில்லை?

அன்புள்ள அண்ணா,

பிஎஸ்4-ல் இ-ஃபுட்பால் என்ற கால்பந்து வீடியோ கேம் ஆடுகிறேன். என் ஸ்டிரைக்கர் (கோல் போடும் முன்வரிசை ஆள்) 1.94 மீட்டர் உயரம், ஹெடிங் (தலையால் முட்டும் திறன்) 88. கிடைத்த புள்ளிகளில் பெரும்பகுதியை ஏரியல் ஸ்ட்ரெங்த் என்ற பயிற்சிப் பிரிவில் போட்டு 12-ம் நிலை வரை ஏற்றிவிட்டேன். ஆனாலும் ஓரத்திலிருந்து கோல்முன்னால் கிராஸ் தூக்கிப்போட்டால் பாதி எதிரணியின் நடுத் தடுப்பாளரான சென்டர்-பேக் தலையில் விழுகிறது. மீதியை என் ஆள் முட்டினால் கம்பத்துக்கு மேலே பறக்கிறது. சில நேரம் முட்டாமல் நெஞ்சில் வாங்கிக்கொண்டு நிற்கிறான். எதிரணிக்குக் கார்னர் கிடைத்தாலோ கை நடுங்குகிறது. எங்கே தவறு செய்கிறேன்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் ஸ்டிரைக்கரிடம் குறையில்லை. கிராஸ் புறப்படும் நேரத்தில் அவர் நிற்கும் இடத்தில்தான் குறை. ஹெடிங் 88 என்பது தலை பந்தைத் தொடும்போது அது எவ்வளவு துல்லியமாகப் போகும் என்பதற்கான எண். பந்து அவர் தலைக்கு வந்து சேருமா என்பதை அந்த எண் தீர்மானிப்பதில்லை. அதற்கு எம்பும் உயரத்தைச் சொல்லும் ஜம்ப் வேண்டும், தோளோடு தோள் மோதும்போது தள்ளிப்போகாமல் நிற்க பிசிக்கல் கான்டாக்ட் வேண்டும். இந்த இரண்டையும்விட, எதிராளிக்கு முன்னால் அரை அடி இடம் பிடித்திருக்க வேண்டும்.

முதலில் புள்ளிக் கணக்கு. ஏரியல் ஸ்ட்ரெங்த் ஒரு நிலை ஏறினால் ஹெடிங், ஜம்ப், பிசிக்கல் கான்டாக்ட் மூன்றும் ஒவ்வொன்று கூடும். முதல் 4 நிலைக்குத் தலா 1 புள்ளி, அடுத்த 4-க்குத் தலா 2, அதற்கடுத்த 4-க்குத் தலா 3. அதாவது 8-ம் நிலை வரை வர 12 புள்ளி, அங்கிருந்து 12-ம் நிலைக்குப் போக இன்னொரு 12. இரண்டாவது 12 புள்ளியில் உங்களுக்குக் கிடைத்தது நான்கே நான்கு. அதே 12-ஐ டெக்ஸ்டெரிட்டி என்ற இன்னொரு பிரிவில் ஆரம்பத்திலிருந்து போட்டிருந்தால் ஆஃபென்சிவ் அவேர்னஸ், ஆக்சிலரேஷன், பேலன்ஸ் மூன்றும் எட்டு எட்டாகக் கூடியிருக்கும். கோலுக்கு முன்னாலிருக்கும் பெனால்டி பெட்டிக்குள் இடம் கண்டுபிடித்து ஓடுவதும், முதல் இரண்டு அடியில் டிஃபெண்டரை முந்துவதும் இந்த மூன்றில்தான் இருக்கிறது. ஏற்கெனவே 1.94 உயரமுள்ள ஆளுக்கு ஏரியல் 8-ல் நிறுத்திவிட்டு மிச்சத்தை டெக்ஸ்டெரிட்டிக்குத் தருவதே என் தேர்வு.

எண்களைத் தவிர ஆளிடம் தனியாக இருக்கும் ஸ்கில்களில், அதே பெயருள்ள ஹெடிங் என்பது துல்லியத்தைக் கூட்டும், பந்தைக் கீழ்நோக்கி முட்டும் வாய்ப்பையும் கூட்டும். ஏரியல் சுப்பீரியாரிட்டி காற்றில் நடக்கும் மோதலுக்கு. இரண்டும் இருந்தால் நல்லது. ஒன்றுதான் என்றால் ஸ்டிரைக்கருக்கு முதலாவது, சென்டர்-பேக்குக்கு இரண்டாவது.

இனி கிராஸ். பெரும்பாலானவர்கள் ஸ்டிரைக்கரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பந்தைப் போடுகிறவர் யார் என்று பார்ப்பதில்லை. அவருக்கு லாஃப்டட் பாஸ் (தூக்கிப்போடும் திறன்), கர்ல் (பந்தை வளைக்கும் திறன்) இரண்டும் நன்றாக இருக்க வேண்டும், பின்பாயின்ட் கிராசிங் ஸ்கில் இருந்தால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும். அதைவிட முக்கியம், எந்தக் காலால் போடுகிறார் என்பது. இடது ஓரத்தில் வலதுகால் விங்கரை (ஓரத்தில் தாக்கும் ஆளை) வைத்துக்கொண்டு எல்லைக்கோடு வரை ஓட்டிப்போய்ப் போட்டால் பலவீனமான காலில் அடிக்கிறார். பந்து மிதந்து வரும், எந்த சென்டர்-பேக்குக்கும் அது சுலபம். அப்படிப்பட்டவரை உள்ளே வெட்டவிட்டு, பின்னாலிருந்து ஓடிவரும் இடதுகால் ஃபுல்-பேக்கிடம் (ஓரத் தடுப்பாளரிடம்) கொடுங்கள், கிராஸ் அவர் போடட்டும்.

போடும்போது டேஷை (வேக ஓட்டப் பொத்தானை) விட்டுவிடுங்கள். முழு வேகத்தில் ஓடிக்கொண்டே, உடல் கோல்பக்கம் திரும்பாமல் அடிக்கும் கிராஸ் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஒரு கணம் வேகம் குறைத்து, குச்சியைப் பெட்டிப் பக்கம் திருப்பி, வட்டப் பொத்தானை அழுத்துங்கள். எல்லைக்கோட்டருகே இருந்து என்றால் பவர் கேஜ் ஏறக்குறைய பாதி. அதற்கு மேல் போனால் தூரக் கம்பத்தையும் தாண்டும், குறைந்தால் முதல் டிஃபெண்டரே தட்டிவிடுவார்.

எப்போது போடுவது? இங்கேதான் உங்கள் பாதி கிராஸ்கள் வீணாகின்றன. ஸ்டிரைக்கர் டிஃபெண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கும்போது போட்டால், அவர் இரண்டு மீட்டராக இருந்தாலும் பயனில்லை. நின்ற இடத்தில் எம்புகிறவரைவிட ஓடிவந்து எம்புகிறவர் உயரம் போவார். அவர் ஓட ஆரம்பித்த பிறகு, அவர் போய்ச் சேரப்போகும் இடத்துக்குப் போட வேண்டும். 2014 உலகக் கோப்பையில் ஸ்பெயினுக்கு எதிராக ராபின் வான் பெர்சி பாய்ந்து முட்டிய கோலை ஒருமுறை பாருங்கள். டேலி பிளிண்ட் இடதுபக்கத்திலிருந்து நீளமாகத் தூக்கிப்போடுகிறார். வான் பெர்சி டிஃபெண்டர்களின் முதுகுப்பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறார். அங்கே யாரோடும் உயரப் போட்டியே இல்லை. விளையாட்டிலும் இந்த ஓட்டத்துக்குக் காத்திருக்கக் கற்றுக்கொண்டால் நடுத்தர உயரமுள்ள ஸ்டிரைக்கரே கோல் போடுவார். ஓட்டம் வரவில்லையா, கிராஸ் போடாதீர்கள். பின்னால் கொடுத்துவிட்டு மறுபடி ஆரம்பியுங்கள்.

பந்து காற்றில் இருக்கும்போது விரல்கள் செய்ய வேண்டியதைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிராஸ் போட்டதும் நம் கை தானாகக் குச்சியைக் கோல்பக்கம் தள்ளிவிடும். அதனால் ஸ்டிரைக்கர் பந்து விழும் இடத்தைத் தாண்டி ஓடிவிடுகிறார். குச்சியை முதலில் பந்து இறங்கும் இடத்துக்குத் தள்ளுங்கள். அவர் அங்கே வந்ததும், பந்து கீழே இறங்கத் தொடங்கும்போது சதுரப் பொத்தான், கூடவே குச்சியை நீங்கள் குறிவைக்கும் மூலைக்குத் திருப்புங்கள். பொத்தானைத் தாமதமாக அழுத்தினால்தான் நெஞ்சில் வாங்கிக்கொண்டு நிற்கிறார். ரொம்ப முன்னதாக அழுத்தினால் சரியான இடத்துக்கு வருவதற்குள் எம்பிவிடுவார்.

மேலே பறப்பதற்குக் காரணம் பவர். காலால் அடிக்கும் பழக்கத்தில் பாதி கேஜ் வரை பிடிக்கிறீர்கள். கிராஸின் வேகமே பந்துக்குப் போதும். கால்வாசி, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு. திசையைப் பொறுத்தவரை, கோல்கீப்பர் நகர்ந்துகொண்டிருக்கும் திசைக்கு எதிர்ப்பக்கம் முட்டுங்கள். வலப்பக்கக் கிராஸுக்குக் கீப்பர் பந்தோடு இடப்பக்கமாக நகர்வார், பந்து வந்த பக்கத்துக் கம்பத்தை நோக்கியே திருப்பி முட்டினால் அவரால் திரும்ப முடியாது. தூரக் கம்பத்தில் நெருக்கடியாக நின்று வாங்கினால் கோலுக்கு முட்ட வேண்டாம், எக்ஸ் அழுத்தி நடுவில் வருகிறவருக்குத் தலையாலேயே பாஸ் கொடுங்கள். பலரும் மறந்துபோகும் பொத்தான் இது.

எதிரணி கார்னருக்குக் கை நடுங்கத் தேவையில்லை. பந்தைத் துரத்தாதீர்கள், அதுதான் பெரிய தவறு. நீங்கள் இயக்கும் ஆளைக் காட்டும் கர்சரை அவர்களுடைய உயரமான ஆளுக்கு அருகிலிருக்கும் உங்கள் சென்டர்-பேக்குக்கு மாற்றி, அந்த உயரமான ஆளுக்கும் கோலுக்கும் நடுவே நில்லுங்கள். பந்து இறங்கும்போது ஒரே ஒரு எட்டு முன்னால் வைத்துச் சதுரம் அழுத்துங்கள், அங்கே அது க்ளியரன்ஸ், அதாவது பந்தை அபாயப் பகுதியிலிருந்து வெளியேற்றுவது. குச்சி கோலுக்கு நேர்முன்னால் இல்லாமல் பக்கக்கோட்டைப் பார்த்து இருக்கட்டும், நடுவில் முட்டிய பந்து பெட்டி விளிம்பில் நிற்பவரிடம் போய்விடும். 2014 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் மோட்ரிச்சின் கார்னரை செர்ஹியோ ரமோஸ் ஆட்டத்தின் 93-ம் நிமிடத்தில் முட்டி ஆட்டத்தைச் சமன்செய்தார். ஓடிவரும் ஒருவரைத் தடுக்க ஆளில்லாமல் விட்டால் கடைசி நிமிடத்தில்கூட அப்படி நடக்கும்.

பழகுவதற்கு, கணினி அணியோடு எளிய நிலையில் ஆடுங்கள். மேனேஜர் அவுட் வைட் (ஓரங்கள் வழியாகத் தாக்கும்) பாணியில் தேர்ந்தவராக இருக்கட்டும், ஓரங்களில் ஆட்கள் விரிந்து நிற்பார்கள். முதலில் வலப்பக்கத்திலிருந்து மட்டும் கிராஸ் போட்டு, கோல் விழுந்ததா என்று பார்க்காமல், உங்கள் ஆளின் தலை முதலில் பந்தைத் தொட்டதா என்று மட்டும் கவனியுங்கள். அது வழக்கமாகிவிட்ட பிறகு பவரையும் மூலையையும் சரிசெய்யுங்கள்.