1886-இல் வெஸ்ட் ஹாமில் இத்தனை சாவா?

கேள்வி: விக்டோரியா காலத்து லண்டனை ஒட்டி வளர்ந்த வெஸ்ட் ஹாம் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதுகிறேன். 1881 மக்கள்தொகையை வைத்து 1886-க்கு நான் போட்ட இறப்பு வீதம் நம்ப முடியாத அளவுக்கு ஏறி நிற்கிறது. 'முழு இறப்புப் பட்டியலும் தருகிறேன்' என்று இணையத்தில் ஒருவர் பெருந்தொகை கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். கோளாறு பட்டியலில் இல்லை, நீங்கள் வகுத்த எண்ணில் இருக்கிறது. 1881 மக்கள்தொகையான 1,28,953-ஐ வைத்து வகுத்திருக்கிறீர்கள். 1851-இல் 18,817 பேர் இருந்த ஊர் அது. 1891-இல் 2,04,903 ஆகிவிட்டது. அப்படிப் பெருகிய ஊருக்கு ஐந்து வருடப் பழைய தலைக்கணக்கு எப்படிப் பொருந்தும்? ஊர் ஒரே வேகத்தில் பெருகியதாக வைத்து, 1881, 1891 எண்களைப் பெருக்கி வர்க்கமூலம் எடுங்கள். 1886-க்கு ஏறக்குறைய 1,62,550 வரும். பேச்சுக்கு 3,000 சாவு என்று வைத்தால், பழைய எண்ணுக்கு ஆயிரத்துக்கு 23.3, புதிய எண்ணுக்கு 18.5.

எல்லையையும் பாருங்கள். வெஸ்ட் ஹாம் நகரம் வேறு, பிறப்பு இறப்பைப் பதிவு செய்ய வகுத்த, அதே பெயரிலுள்ள பதிவு மாவட்டம் வேறு. மாவட்டத்தில் ஈஸ்ட் ஹாம், லேட்டன், வால்தம்ஸ்டோ எல்லாம் அடக்கம். சாவை மாவட்டத்திலிருந்தும் ஆட்களை நகரத்திலிருந்தும் எடுத்தால் வீதம் எகிறத்தான் செய்யும்.

மாவட்டத்துக்குள்ளேயே ஊர் ஊராகப் பிரிக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றை மறக்கவே கூடாது. அந்த மாவட்டத்தின் ஏழைகள் விடுதி இருந்தது லேட்டனைச் சேர்ந்த லேட்டன்ஸ்டோனில். வெஸ்ட் ஹாமின் கேனிங் டவுனில் ஓர் அறையில் குடியிருந்த துறைமுகக் கூலி, நோய் முற்றி அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கப்பட்டு இறந்தால், அந்தச் சாவு லேட்டன் பகுதிப் பதிவாளரின் புத்தகத்தில்தான் ஏறும். அவரை நோயில் தள்ளிய தெரு கணக்கில் நோயில்லாத தெருபோலத் தெரியும்; லேட்டன் பழியைச் சுமக்கும். விடுதிச் சாவுகளை அவரவர் ஊருக்குத் திருப்பிச் சேர்க்காமல் லேட்டனையும் வெஸ்ட் ஹாமையும் ஒப்பிடவே ஒப்பிடாதீர்கள்.

ஏக்கருக்கு எத்தனை பேர் என்று நெரிசல் கணக்கும் போடுவதானால், சதுப்பு நிலத்தையும் துறைமுகத் தண்ணீரையும் ஏக்கரிலிருந்து கழித்துவிடுங்கள். பிறப்பு எண்ணை நம்பலாம். 1875 முதல் பதிவு செய்யும் பொறுப்பு பெற்றோர் தலையில் விழுந்துவிட்டது.

இனி அந்தத் தரகர். இங்கிலாந்தின் மூலப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை, அவருக்கும்தான். அவர் விற்பது இலவசமாகவே கிடைக்கும் பெயர் அட்டவணை. அதில் பெயர், வயது, காலாண்டு, பதிவு மாவட்டம் இருக்கும். எந்தத் தெரு, என்ன நோய் என்று இருக்காது. நகரத்தையும் மாவட்டத்தையும் பிரிக்க முடியாத உங்கள் சிக்கல் அப்படியே கிடக்கும். மாணவர்களிடம் இதை விற்றுக் காசு பறிக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். அதற்கு இடம் கொடுப்பதே பதிவேடுகளுக்குப் போட்ட அந்தப் பூட்டுதான். ஸ்காட்லாந்தில் பழைய பதிவேட்டின் பக்கத்தையே கட்டணம் கட்டி இணையத்தில் பார்க்கலாம். இங்கிலாந்திலோ 140 வருடம் முன்பு செத்தவரின் நோயை அறிய, ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியாகப் பணம் கட்டி நகல் வாங்க வேண்டும். ஆய்வு செய்கிறவர் ஆயிரம் நகலுக்கு எங்கே போவார்?

உங்களுக்கு வேண்டியது பெயர்கள் அல்ல, தொகைகள். பதிவுத் தலைமை அலுவலகத்தின் ஆண்டறிக்கையில் மாவட்டவாரியாக அவை இருக்கின்றன. லண்டன் சுற்றுவட்டாரச் சுகாதார அலுவலர்களின் அறிக்கைகளை வெல்கம் நூலகம் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. அங்கே தேடுங்கள்.