பம்ப் யூனிட்ல பிளானிங் சாப்ட்வேர் போடறது: கேளுங்க, சொல்றேன்

கோயமுத்தூர்ல மோட்டார் பம்ப் செய்யற யூனிட்ல 17 வருசம் பிளானிங் பாத்தவனுங்க. எந்த பார்ட் எவ்வளவு, எப்ப வாங்கணும்னு கணக்குப் போட்டுச் சொல்ற சாப்ட்வேர ரெண்டு எடத்துல போட்டோம், மொத எடத்துல ஊத்திக்கிச்சு, ரெண்டாவது எடத்துல இன்னைக்கும் ஓடுது.

கேள்வி: அண்ணா, எங்களுது 40 பேர் வேல பாக்கற யூனிட், எந்த சாப்ட்வேர் வாங்கலாம்?

பதில்: ஈஆர்பிநெக்ஸ்ட் ஓப்பன் சோர்ஸ், ஓடூலயும் இலவச வெர்ஷன் இருக்கு, பாருங்க. ஆனா எத வாங்குனாலும் உள்ள நடக்கறது ஒரே கணக்குதான் தம்பி. எத்தன பம்ப் வேணும், ஒரு பம்ப்புக்கு என்னென்ன போகுது, கையில எவ்வளவு இருக்கு, மீதி வர்றதுக்கு எத்தன நாள் ஆகும். நாலும் நீங்க குடுக்கறதுதான், அது கூட்டிக் கழிச்சு சொல்லும்.

கேள்வி: மொத எடத்துல ஏன் ஊத்திக்கிச்சு?

பதில்: ஸ்டாக்குனாலதான். கார்பன் புஷ்னு ஒரு பார்ட், சிஸ்டத்துல 340 காட்டுது, அதனால பர்ச்சேஸ் போடவே சொல்லல, அசெம்ப்ளிக்கு எடுக்கப் போனா டப்பால 190 தான் கெடக்குது. விசாரிச்சா நைட் ஷிப்ட்ல ஸ்டோர் ஆள் இல்ல, சாவி ஆணில தொங்குது, அவசரத்துக்கு அவனவன் எடுத்துட்டுப் போயிருக்கான், சீட்டும் கெடையாது ஒண்ணும் கெடையாது. ஒரு கணக்கு சொல்றேன் பாருங்க, ஒரு பம்ப்புக்கு 20 பார்ட், ஒவ்வொண்ணோட ஸ்டாக்கும் 90 சதவீதம் சரியா இருக்கும்னு வச்சுக்கங்க, 20ம் ஒரே நேரத்துல சரியா இருக்க வாய்ப்பு 12 சதவீதம்தான். 98க்கு கொண்டு வந்தாலே 67 ஆயிடும். ரெண்டாவது எடத்துல மொதல்ல ஸ்டோருக்குப் பூட்டு போட்டோம், நைட்டுக்கும் ஒரு ஆள், தெனமும் 10 ஐட்டம் எண்ணிப் பாக்கறது, மூணு மாசம் இது மட்டும்தான், அப்புறந்தான் கம்ப்யூட்டரையே தொட்டோம். மொதலாளி திட்டுனாரு, சரின்னு வாங்கிக்கிட்டேன்.

கேள்வி: சார், பவுண்டரில காஸ்டிங்க, அதான் இரும்ப உருக்கி ஊத்துன வார்ப்ப, கிலோல பில் போடறாங்க, நாங்க பீஸ் கணக்குல எடுக்கறோம், தெனம் சண்ட.

பதில்: உள்ள வரும்போதே எடையும் போடுங்க, எண்ணவும் எண்ணுங்க, ரெண்டையும் ஏத்துங்க. பில் கிலோல போகட்டும், ஸ்டாக் பீஸ்ல இருக்கட்டும். வைண்டிங் ஒயர்ல இதவிட மோசம், டிராயிங்ல 3 கிலோ 200னு இருக்கும், ஆனா வைண்டிங் போடறவரு பக்கத்துல தராச வச்சு பத்து மோட்டாருக்கு எடுத்துப் பாத்தா 3 கிலோ 350 போகும். பிஓஎம்ல, அதான் ஒரு பம்ப்புக்கு என்னென்ன எவ்வளவு போகுதுங்கற லிஸ்ட்ல, அந்த 3 கிலோ 350தான் போகணும், டிராயிங்ல இருக்கறது இல்ல.

கேள்வி: லேத்துக்கு ஜாப் ஒர்க்குக்கு, அதாவது கடைசல் வேலைக்கு வெளிய அனுப்புன சரக்க எப்படி கணக்கு வைக்கறது?

பதில்: சிஸ்டத்துல ஒவ்வொரு லேத்துக்காரரையும் தனி குடோனா போட்டுருங்க, சலான் போட்டா அங்க போகணும், வந்தா இங்க வரணும். மெஷின்ல ஏத்துனதும் புளோஹோல், அதான் வார்ப்புக்குள்ள காத்து அடைச்ச ஓட்ட, தெரிஞ்சு ரிஜெக்ட் ஆகறதையும் அங்கேயே கழிங்க. ஜிஎஸ்டில ஜாப் ஒர்க்குக்குப் போன மெட்டீரியல் ஒரு வருசத்துக்குள்ள திரும்பணும், அந்தக் கணக்கும் இதுலயே கெடச்சிரும்.

கேள்வி: எப்ப ஆரம்பிக்கலாம்?

பதில்: நமக்கு வெயில் காலம்தான் சீசன், மாசில மட்டும் ஆரம்பிச்சிராதீங்க. அமெரிக்கால ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 1999ல ஹாலோவீன் சீசன் நெருங்கற நேரத்துல புது சிஸ்டத்துக்கு மாறுச்சு, குடோன்ல சரக்க வச்சுக்கிட்டே கடைகளுக்கு அனுப்ப முடியாம திண்டாடுனாங்க. அவ்ளோ பெரிய கம்பெனிக்கே அந்த கதி. மழ காலத்துல ஒரே ஒரு மாடல் பம்ப் மட்டும் எடுத்து ஓட்டிப் பாருங்க.

கேள்வி: எங்க சூப்பர்வைசருக்கு வயசு 56, கம்ப்யூட்டர் பக்கமே வரமாட்டேங்கறாரு.

பதில்: எங்களுக்கும் ஒரு அண்ணன் இருந்தாரு, என்ட்ரி போடச் சொன்னா டீ குடிக்கப் போயிடுவாரு. அப்புறம் ஒரு நாள் காலைல அன்னைக்கு எந்த பார்ட் பத்தாதுங்கறத ஒரே பேப்பர்ல தமிழ்ல பிரிண்ட் எடுத்துக் குடுத்தேன். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு நாள் பேப்பர் லேட்டு, 'ஏனுங் தம்பி, சீட்டு எங்க'ன்னு அவரே மாடி ஏறி வந்துட்டாரு.