கார் பவர் ஸ்டியரிங் ஆயில் குறையுது, ஆனா கீழ ஒழுகல
தரையில ஒரு சொட்டு கூட இல்ல, ஆனா வாராவாரம் ஆயில் குறையுது, திருப்புனா ஊன்னு சத்தம் வருதுன்னு சொல்றீங்க, அப்ப முதல்ல ஸ்டியரிங் ராக்கோட (முன் சக்கரத்தைத் திருப்பற, குறுக்க இருக்கற பாகம்) ரெண்டு பக்கமும் இருக்கற ரப்பர் உறையை அமுக்கிப் பாருங்க. உள்ள கொழகொழன்னு ஆயில் ஆடுச்சுன்னா ராக் சீல் போயிருச்சு, ஆயில் அந்த உறைக்குள்ளயே தேங்கறதால வெளிய தெரியாது. காஞ்சிருந்தா பிரஷர் ஹோஸ் (ஸ்டியரிங் பம்புல இருந்து ராக்குக்கு ஆயில் போற குழாய்) ஜாயிண்ட்டை நல்லா துடைச்சிட்டு, கொஞ்சம் ஓட்டிட்டு அங்க ஈரமாகுதான்னு பாருங்க. சத்தம் பெரும்பாலும் ஆயில்ல காத்து கலந்ததால வரும், ஸ்டியரிங் ஆயில் டேங்க் மூடியத் திறந்தா நுரை தெரியும். அதனால உடனே பம்ப் மாத்தணும்னு யாராச்சும் சொன்னா தயவுசெஞ்சு ஒத்துக்காதீங்க. லீக்கை சரி பண்ணி, மேனுவல்ல போட்டிருக்கற ஆயிலையே ஊத்தி, முன் சக்கரத்தத் தூக்கி, இன்ஜின் ஆஃப்ல வச்சே ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் மெதுவா திருப்பிக் காத்தை வெளியேத்துங்க, அப்பவும் கத்துனா பம்பைப் பாக்கலாம். அதுவரைக்கும் ஆயில் இல்லாம மட்டும் ஓட்டிராதீங்க, பம்ப் நிஜமாவே போயிரும்.