உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த என் 30 வோல்ட், 5 ஆம்பியர் பெஞ்ச் பவர் சப்ளையில் (மேசையில் வைத்து வேண்டிய வோல்டேஜ் எடுக்கும் கருவி) நாபை எங்கே திருப்பினாலும் 40 வோல்ட்டே வருகிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். நீங்கள் சொல்லியிருப்பது உள்ளே கனமான டிரான்ஸ்ஃபார்மர் வைத்த 30 வோல்ட், 5 ஆம்பியர் லீனியர் சப்ளை. வீட்டில் பிரித்துப் பார்க்க ஏற்ற ரகம் அது. தூக்கினால் லேசாக இருக்கும் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்சிங் சப்ளை) வகையாக இருந்தால் என் பதில் வேறு. அதன் மெயின் கெபாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். பழக்கம் இல்லாதவர்கள் அதில் கை வைக்க வேண்டாம்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் குளச்சல் பக்கம். விசைப்படகு, வள்ளங்களின் வயர்லெஸ் செட், எக்கோ (கடல் ஆழம் காட்டும் கருவி), ஜிபிஎஸ் எல்லாம் வீட்டில் வைத்துப் பழுது பார்க்கிறேன். இப்படிப்பட்ட சப்ளைதான் என் மேசையில் நாள் முழுக்க ஓடுகிறது. நீங்கள் சொல்லும் அதே கோளாறை என் சப்ளையிலும் பார்த்திருக்கிறேன்.

பெட்டியைத் திறக்கும் முன்பே அந்த 40 வோல்ட் பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. இந்த ரகத்தில் டிரான்ஸ்ஃபார்மர் ஏறக்குறைய 30 வோல்ட் ஏசி தரும். அதை 1.414-ஆல் பெருக்கினால் 42. ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜில் இரண்டு டையோடுக்கு 1.4 போனால் மீதி 41 சொச்சம். அதாவது ஃபில்டர் கெபாசிட்டரில் இருப்பது அப்படியே வெளியே வருகிறது. நடுவில் நின்று வோல்டேஜைக் குறைக்க வேண்டிய பாஸ் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கிறது என்பதுதான் முதல் சந்தேகம். சப்ளையில் இணைத்திருக்கும் எதையும் உடனே கழற்றிவிடுங்கள்.

பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெபாசிட்டரை 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் வைத்து டிஸ்சார்ஜ் செய்யுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் தட்டித் தீப்பொறி விடுவதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை; கெபாசிட்டரும் கெடும், கண்ணுக்கும் ஆபத்து. வோல்டேஜ் ஒன்றுக்கும் கீழே இறங்கியதை மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே தொடுங்கள். சூட்டை வெளியேற்றும் உலோகத் தகட்டில், அதாவது ஹீட் சிங்க்கில், இரண்டு வட்டத் தொப்பி டிரான்சிஸ்டர்கள் இருக்கும், பெரும்பாலும் 2என்3055. அதன் இரும்பு உடம்புதான் கலெக்டர். உடம்புக்கும் எமிட்டர் காலுக்கும் இடையே மீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். இரு திசையிலும் பூஜ்யம் என்றால் ஷார்ட். ஒரு திசையில் மட்டும் 0.5 அல்லது 0.6 காட்டினால் அது பாதுகாப்பு டையோடாக இருக்கலாம், பயப்பட வேண்டாம். இரண்டும் இணையாக இருப்பதால் ஒன்று போனாலே இரண்டும் போனதாகக் காட்டும். ஒன்றின் எமிட்டர் வயரைக் கழற்றிவிட்டுத் தனித்தனியாகப் பாருங்கள். எமிட்டரில் இருக்கும் சின்ன ஓம் ரெசிஸ்டர்களையும், இந்த இரண்டு டிரான்சிஸ்டர்களையும் ஓட்டும் டிரைவர் டிரான்சிஸ்டரையும் விட்டுவிடாதீர்கள். கூடவே போயிருக்க வாய்ப்பு அதிகம்.

பலர் இந்த இடத்தில் டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றி மூடிவிடுகிறார்கள். அது ஏன் போனது என்று பார்க்காவிட்டால் புதியதும் போகும்.

கணக்கைப் பாருங்கள். 3 வோல்ட், 5 ஆம்பியர் எடுக்கிறீர்கள், உள்ளே 40 வோல்ட் நிற்கிறது என்றால் மிச்சம் 37 வோல்ட்டும் டிரான்சிஸ்டர்களில் சூடாகிறது. 185 வாட். ஒரு 2என்3055-க்கு 115 வாட் என்று போட்டிருப்பது அதன் உடம்பு 25 டிகிரியில் இருந்தால்தான். 85 டிகிரி சூட்டில் அது சுமார் 75 வாட்தான் தாங்கும். இரண்டும் சேர்ந்தே 150! இதைத் தவிர்க்கத்தான் நல்ல சப்ளைகளில் ஒரு ரிலே இருக்கும். குறைந்த வோல்டேஜில் அது டிரான்ஸ்ஃபார்மரின் சின்ன டேப்புக்கு, அதாவது குறைந்த வோல்டேஜ் தரும் முனைக்கு, மாறிவிடும். அப்போது உள்ளே 20 வோல்ட்தான், சூடும் 85 வாட்தான். என் சப்ளையில் இந்த ரிலேயின் காண்டாக்ட் பெரிய டேப்பிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. டிரான்சிஸ்டர் போனதற்கு அதுதான் காரணம்.

ரிலேயைச் சோதிக்கும்போது ஒன்று கவனியுங்கள். காண்டாக்ட்டில் மீட்டரின் பஸ்ஸர் (தொடர்பு இருந்தால் ஒலிக்கும் நிலை) வைத்தால் எப்படியும் கத்தும், ஏனென்றால் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றின் ஓம் அவ்வளவு குறைவு. டேப் வயர்களைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் கரண்ட் இல்லாதபோது ரிலே சின்ன டேப்பில்தான் நிற்கும். பெரிய டேப் பக்கம் தொடர்பு காட்டினால் ஒட்டியிருக்கிறது.

நம் மாவட்டத்தில் ஆனி ஆடியில் சாரல், ஐப்பசி கார்த்திகையில் அடைமழை, இடையில் உப்புக் காற்று. கடற்கரை ஊர்களில் ஃபேன் இறுகுவதும் டெர்மினலில் பச்சை பூப்பதும் சாதாரணம். நாபின் பின்னால் இருக்கும் வால்யூம் கண்ட்ரோலும் இதில் கெடும். திருப்பும்போது மீட்டரில் ஓம் சீராக ஏறி இறங்காமல் துள்ளினால் மாற்றிவிடுங்கள். போர்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள்.

புது டிரான்சிஸ்டரை நாகர்கோவிலில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் தெரிந்த இடத்தில் வாங்குங்கள், 2என்3055-இல் போலி நிறைய. மைக்கா (கரண்ட் கடத்தாத மெல்லிய தகடு), சூடு கடத்தும் பேஸ்ட் இரண்டும் புதிதாகப் போட்டு, உடம்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் தொடர்பே இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

முதல் முறை ஆன் செய்வது சீரிஸ் லேம்ப் வழியாகத்தான், அதாவது மெயின்ஸ் கரண்ட் ஒரு பல்ப் வழியாகவே சப்ளைக்குப் போகும்படி. 60 வாட் குண்டு பல்ப் ஒரு முறை பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உடனே ஆஃப். பல்ப் இருந்தாலும் ஷாக் அடிக்கும், அதை மறக்க வேண்டாம். அப்புறம் பல்பை எடுத்துவிட்டு, 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பை லோடாகக் கொடுத்து, பூஜ்யத்திலிருந்து மெதுவாக ஏற்றுங்கள். 12 வோல்ட்டில் நாலரை ஆம்பியர் இழுக்கும். அரை மணி நேரம் ஓடட்டும். ஹீட் சிங்க் எவ்வளவு சுடுகிறது என்று பாருங்கள். பிறகு ஹெட்லைட் பல்பைக் கழற்றிவிட்டு, 30 வோல்ட் வரை மெதுவாக ஏற்றி, ரிலே மாறும் 'டக்' சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். சத்தம் கேட்காவிட்டால் போர்டில் இருக்கும் ஐசி எண்களை எழுதுங்கள், ரிலேயை ஓட்டும் பகுதியைச் சேர்ந்து பார்க்கலாம்.