காயமே இல்லாமல் தோலிலிருந்து ரத்தம் வருமா?

மாயவரம் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அக்கா மகளுக்கு நெற்றியில் ரத்தம் கசிகிறது, துடைத்துப் பார்த்தால் கீறல்கூட இல்லை, வீட்டில் காத்து கருப்பு என்கிறார்கள். வேப்பிலை அடித்தது போதும். இது ஹெமட்டோஹைட்ரோசிஸாக இருக்கலாம், அதாவது ரத்த வியர்வை. மிக அரிது. கடும் மன அழுத்தத்தில் வியர்வைச் சுரப்பியைச் சுற்றிய நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிகின்றன என்பதுதான் பரவலான விளக்கம். இத்தாலியில் 21 வயதுப் பெண்ணுக்கு வந்ததைக் கனடிய மருத்துவ இதழ் 2017-இல் வெளியிட்டது. ப்ரோப்ரனோலால் என்ற ரத்த அழுத்த மாத்திரை கொடுத்ததும் குறைந்தது, முழுதாக நிற்கவில்லை.

முதலில் அது ரத்தம்தானா? (வியர்வையில் கரைந்த குங்குமமும் அப்படித்தான் வழியும்.) கசியும்போதே கண்ணாடித் தகட்டில் ஒற்றி எடுத்தால் லேபில் சிவப்பணு தெரிந்துவிடும். அப்புறம் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை, ரத்தம் உறையும் நேரம் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். பரீட்சை சமயத்தில்தான் வருகிறதா என்று அவளிடம் தனியாகக் கேளுங்கள்.