அடுத்தவர் செய்த வயரிங்குக்கு லைசென்ஸ் எலக்ட்ரீஷியன் கையெழுத்துப் போடலாமா?

கேட்டவரின் நிலைமை இதுதான்: மேஸ்திரி கூட்டிவந்த ஆள் வீட்டு வயரிங்கை முடித்துவிட்டுப் போய்விட்டார், அவரிடம் லைசென்ஸ் இல்லை. இ.பி. இணைப்புக்கு டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டும். தெரிந்த காண்ட்ராக்டர் ஒருவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் என்ன தப்பு?

நான் லைசென்ஸ் வைத்துத் தொழில் செய்கிறவன். மாதத்துக்கு ஒருவராவது இதைக் கேட்டு வருகிறார்கள். பார்க்காமல் போடமாட்டேன். பார்த்தாலும் எல்லாவற்றுக்கும் போடமாட்டேன்.

சட்டப்படி, லைசென்ஸ் உள்ள ஒப்பந்ததாரர்தான் வயரிங் செய்ய வேண்டும், தகுதிச் சான்று பெற்றவர் அதை மேற்பார்வை பார்க்க வேண்டும். 1956 இந்திய மின்சார விதிகளிலேயே இது உண்டு. மத்திய மின்சார ஆணையம் 2010-இல் கொண்டுவந்த பாதுகாப்பு விதிமுறைகளிலும் தொடர்ந்தது. ஆக, நான் போடுகிற கையெழுத்துக்கு 'இது என் வேலை' என்றுதான் பொருள். நாளைக்கு யாருக்காவது ஷாக் அடித்தால், அந்தத் தாளில் மேஸ்திரி பேர் இருக்காது.

"அதான் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கிற மீட்டர்) வைத்துப் பார்த்துவிடலாமே?" என்பார்கள். பார்க்கலாம். மெயினை ஆஃப் செய்து, பல்பு, ஃபேன், ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் வைத்தால் 1 மெகாஓமுக்குக் குறையாமல் காட்ட வேண்டும். புது வயர் என்றால் தாராளமாகக் காட்டும். ஆனால் மெகர் சொல்வது இன்சுலேஷனைப் பற்றி மட்டும். பைப்புக்குள் இரண்டு வயரை முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தால் அதற்குத் தெரியாது. ஏசி ஓடும்போது அந்த ஜாயிண்ட் சூடாகும், அவ்வளவுதான். சுவர் பூசிய பிறகு அதை யார் பார்ப்பது?

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. எர்த் வயர் இழுக்காத இடத்தில் சிலர் பிளக்கின் எர்த் முனையை நியூட்ரலோடு லூப் செய்துவிடுகிறார்கள். டெஸ்ட் லேம்ப்பை ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தால் பளிச்சென்று எரியும். வீட்டுக்காரருக்கும் திருப்தி. பிறகு என்றைக்காவது நியூட்ரல் துண்டானால் ஃப்ரிட்ஜின் உடம்பு முழுக்க 230 வோல்ட் நிற்கும். இதைப் பிடிக்க, மெயினை ஆஃப் செய்து, டிபியில் (லைன்களைப் பிரித்து அனுப்புகிற பெட்டி) நியூட்ரலைக் கழற்றிவிட்டு அந்த பிளக்கின் எர்த் துளைக்கும் நியூட்ரல் துளைக்கும் இடையே ஓம் ரீடிங் எடுக்க வேண்டும். பூஜ்யம் காட்டினால் விஷயம் முடிந்தது. அதைவிட எளிது, ஸ்க்ரூவைக் கழற்றி போர்டைத் திறந்து கண்ணால் பார்ப்பது. கையெழுத்தை மட்டும் விற்கிற ஆள் இதில் எதையும் செய்யப்போவதில்லை.

லைசென்ஸ் இல்லாதவர் எல்லாம் மோசமான வேலைக்காரர் என்று நான் சொல்லவில்லை. என்னைவிடச் சுத்தமாக டிபி கட்டுகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மின்கம்பியாள் உதவியாளர் தேர்வு எழுதி சான்று வாங்கிவிட வேண்டும். சொன்னால் சிரிக்கிறார்கள்.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பதிவு பெறாதவர் வேலை செய்யலாம். ஆனால் சான்று தரப்போகிற பதிவு பெற்றவரை வேலை தொடங்கும் முன்பே நியமித்துவிட வேண்டும். அவர் நடுவில் வந்து பார்ப்பார், முடிந்ததும் சோதிப்பார். பழைய வயரிங்கைப் பார்த்து எழுதுவது அங்கே தனி அறிக்கை. அதில் கையெழுத்திடுபவர் 'நான் செய்தேன்' என்று சொல்வதில்லை, 'இன்று நான் கண்டது இது' என்கிறார். நமக்கும் இப்படி ஒன்று வந்தால் நல்லது என்பது என் கருத்து.

சரி, உங்கள் வீட்டுக்கு என்ன செய்வது? பூச்சு வேலை முடியாவிட்டால் இன்றைக்கே ஒரு லைசென்ஸ் காண்ட்ராக்டரைக் கூப்பிடுங்கள். முடிந்திருந்தாலும் கூப்பிடுங்கள், ஆனால் கையெழுத்துக்கு விலை பேசாமல் வேலைக்கு விலை பேசுங்கள். எல்லா போர்டையும் திறக்கச் சொல்லுங்கள். ஏசி, ஹீட்டர் லைன்களில் என்ன சைஸ் வயர் போயிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். சந்தேகமான லைனை அவர் உருவிப் புதிதாக இழுக்கச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். அப்புறம் அவர் எடுத்த ரீடிங்குகளைத் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித் தரத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள்.